ஒரு வார்த்தை விடாமல்

என் மனைவி எஸ்தரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பெருமையாகத்தான் சொல்வேன். கட்டிய மனைவியைப் பற்றி ஒருவன் பெருமையடித்தால் சிலருக்கு வயிறு எரியும், எரியட்டும். மராத்தி நாட்டில், கிர்க்கி ஆர்டினன்ஸ் பேக்டரியில் முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவன் நான். பேச்சில் பாலிஷ் எதிர்பார்க்காதீர்கள்.

பெயர் அந்தோணி. தூத்துக்குடிக் கத்தோலிக்கன். எஸ்தரைக் கட்டிக்கொள்வதற்காக அவளுடைய சபைக்கு வந்து, வந்த இடத்திலேயே தங்கிவிட்டேன். வீடு சாங்வியில், கோயில் தூரத்தில் கேம்ப் பகுதியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று பஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி ஜெபத்தை வழியிலேயே முடித்துவிடலாம். எஸ்தரின் திருநெல்வேலி ஆட்கள் போதகரை ஐயர் என்பார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். கதையில் ஐயர் வரும்போது வேறு யாரையோ நினைத்துக் குழம்ப வேண்டாம்.

எஸ்தர் கிர்க்கியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பாவுக்கும் அதே பேக்டரிதான். லைன் வீடுகளில் சுவருக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலி, அந்தப் பக்கம் சாத்தாரா மராத்திக்காரர்கள். எந்த மொழியை எப்போது கற்றாள் என்று அவளுக்கே தெரியாது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பெண்கள் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவளைத்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்களாம். ஒருமுறை பிரசவ வார்டில் ஒரு தமிழ்ப் பெண் அலறிக்கொண்டிருக்க, மராத்தி நர்ஸ் அதைவிட உரக்க அதட்டிக்கொண்டிருக்க, பாவாடை சட்டையில் எஸ்தர் போய் நடுவில் நின்றிருக்கிறாள். நர்ஸ் சொல்வதை இவள் தமிழில் சொன்னதும் அந்தப் பெண்ணின் அழுகை நின்றுவிட்டது. வலி குறையவில்லை, என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது, அவ்வளவுதான். இதை எஸ்தர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

எங்கள் மகன் ஜெபகுமார் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, சிரிக்கப்பிடாது. ரெண்டு பாஷைக்கு நடுவுல நிக்கதுக்குத்தான் ஆண்டவர் என்னைக் கூப்பிடுதாருன்னு எனக்குத் தோணுது. நம்ம கோயில்ல."

நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் கோயிலில் பிரசங்கம் தமிழில். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பாதித் தமிழ் புரியாது. மராத்தி வீடுகளிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள்கள் ஆராதனை முடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காக ஒருவர் ஐயர் பக்கத்தில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் மராத்தியில் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்த ஒருவர் எஸ்தராக இல்லாவிட்டால் வேறு யார்? போய்க் கேள் என்றேன். மாவில் உப்புப் போட மறந்திருந்தாள், அதையும் சொன்னேன்.

கேட்டாள். சபையும் சந்தோஷமாகச் சம்மதித்தது. முதல் ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். மழை கொட்டுகிற மாதிரி பேசுகிற ஆள். அவர் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் மைக்கைப் பிடித்து, அதே வாக்கியத்தை, அச்சுப் பிசகாமல், அவரைவிட உரக்க, தமிழிலேயே சொன்னாள்.

அவர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். எஸ்தர் அதையும் தமிழிலேயே சொன்னாள். தான் மராத்தி பேசுவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பயத்தில் எந்த மொழியில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. இரண்டு மொழியும் ஒரே வாயில் வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி நடக்கும். பிரசங்கியார் பொறுமையாக, "அம்மா, நான் சொன்னது அவங்களுக்குக் கேட்டுச்சு" என்றார். கோயில் முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். சிரிப்பு வந்தால் மனுஷன் சிரிக்காமல் என்ன செய்வான்?

எஸ்தர் சிரிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கிவந்தாள். அன்றோடு சரி. பாணேரில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் மனோஜ் என்ற பையன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் புத்தக மராத்தி. பிழை இருக்காது, உப்பும் இருக்காது. எஸ்தர் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அங்கே மராத்தி மருமகள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் காதோடு காதாக மொத்தப் பிரசங்கத்தையும் சொல்லிக்கொடுப்பாள். மனோஜ் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி பெஞ்சில் இடம் பிடிக்கப் பெண்கள் போட்டி போட்டார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முன்னால் வா என்று ஐயர்மார் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். தைரியம் வரட்டும், வருகிறேன் என்பாள். எனக்குக் கோபம் வந்துவிடும். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி தைரியத்துக்கு நிற்கிறாயே, பஸ்ஸாவது எப்போதாவது வரும் என்பேன். அவள் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஆனால் தினமும் காலையில் அதற்காக ஜெபம் செய்வாள். தைரியத்தைக் கொடும் ஆண்டவரே என்று அவள் கேட்பது சமையலறையிலிருந்து எனக்குக் கேட்கும். கேட்டுக்கேட்டு எனக்கே ஆண்டவர்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒரு மனுஷி இத்தனை வருடமாக ஒரே ஒரு பொருளைக் கேட்கிறாள், கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெபகுமார் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். ப்ரீதி. அவனுடைய ஆபீஸிலேயே கணக்குப் பிரிவு. அகமதுநகர்ப் பக்கத்து மராத்திக் கிறிஸ்தவக் குடும்பம். பேச்சில் படபடப்பு, சிரிப்பில் கள்ளமில்லை. எஸ்தருக்கு ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டது. எனக்கு மூன்று நிமிடம்.

பெண்ணின் அப்பா ரமேஷ் சால்வே லேசில் மசிகிற ஆளில்லை. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது தேநீர் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார், கையை மட்டும் மார்பில் கட்டியபடியே இருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். அவர் பேசியது மராத்தி. தமிழில் சொல்வது நான்.

"கல்யாணம் உங்கள் கோயிலிலேயே நடக்கட்டும். ஆனால் என் மகளுக்கு அங்கே சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிய வேண்டும். புரியாத மொழியில் என் மகளை நான் ஒப்படைக்க மாட்டேன்."

சாதாரணமாக எனக்கு நிபந்தனை போட்டால் பிடிக்காது. இந்த நிபந்தனையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மனோஜ் இருக்கிறான், ஒரு வார்த்தை விடாமல் சொல்வான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்யாண நாள் வந்தது. என் அக்கா பவுன் தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். தமிழைத் தவிர வேறு எந்த மொழியும் காதில் விழக்கூடாது என்று சபதம் எடுத்தவள் மாதிரி, ஆட்டோக்காரனிடம்கூடத் தூத்துக்குடித் தமிழில்தான் சண்டை போட்டாள். பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கோயில் வாசலில் மல்லிகை, மேளம், போட்டோக்காரன் எல்லாம் தயார். மனோஜும் வந்தான். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது. வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சலாம், அன்று காலையில் குரல் சுத்தமாகப் போய்விட்டதாம்.

பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஐயர், நான், எஸ்தர், ஜெபகுமார், ரமேஷ் சால்வே எல்லோரும் கூடினோம். ஐயர் நாகர்கோவிலிலிருந்து சமீபத்தில் வந்தவர், சின்ன வயது, நல்ல மனுஷன். அவருக்கு மராத்தி வராது. ஆங்கிலத்தில் நடத்தட்டுமா என்று கேட்டார். சால்வே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். தனக்கு ஆங்கிலம் டிப்போ போர்டு படிக்கிற அளவுக்குத்தான் தெரியும் என்றார். நான் சொல்கிறேன் என்று நான் முன்வந்தேன். ஜெபகுமார் பயந்துபோய் வேண்டாம்ப்பா என்றான். என் மராத்தி பேக்டரி மராத்தி; அதில் பாதி வார்த்தைகளைக் கோயிலில் சொல்ல முடியாது. மாப்பிள்ளையே தன் கல்யாணப் பிரசங்கத்தை மொழிபெயர்க்கவும் முடியாது, அவன் தமிழும் அந்த அளவுக்கு ஓடாது. பெண் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சால்வே மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார். அப்படியானால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அமைதியாகச் சொன்னார். அதில் கோபம் இருந்திருந்தால் நான் சமாதானம் பேசியிருப்பேன். கோபமே இல்லை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

எல்லோரும் எஸ்தரைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டோம். பட்டுப்புடவையில், கையில் ஒரு கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு மூலையில் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். திட்டத்தான் போனேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"இத்தனை வருசமா தைரியத்தைக் குடும்னு கேட்டேன். குடுக்கல" என்றாள் எஸ்தர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இன்னைக்கும் குடுக்கல. பாருங்க, கை எப்படி ஆடுது. ஒருவேளை அவர் தைரியத்தைக் குடுத்தனுப்பறதா இல்லையோ என்னமோ. அவரே வர்றதா இருக்காரோ?"

இரும்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"வந்தா நல்லதுதான் எஸ்தர். நீ போய் நில்லு. நிக்காத எடத்துக்கு அவர் எப்படி வருவார்?"

அவள் சால்வேயிடம் போய் மராத்தியில், நான் சொல்கிறேன் என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நீங்கள் பையனின் அம்மா ஆயிற்றே, உங்கள் மகனுக்கு ஒத்துவராத வார்த்தை வந்தாலும் அப்படியே சொல்வீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனாலும் என் மூக்குக்குமேல் கோபம் வந்தது. எஸ்தருக்கு வரவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன் என்றாள்.

பாட்டு முடிந்தது. ஜெபகுமாரும் ப்ரீதியும் முன்னால் உட்கார்ந்தார்கள். ஐயர் ஒரு மைக்கில், பக்கத்தில் எஸ்தர் இன்னொரு மைக்கில். முதல் வரிசையில் ஒரு பக்கம் சால்வேயும் அவர் மனைவியும், மறுபக்கம் நானும் பவுன் அக்காவும். எஸ்தர் கடைசி முறை அங்கே நின்றபோது சிரித்தவர்களில் பாதிப் பேராவது பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நினைப்பது என் முதுகில் தெரிந்தது.

ஐயர் ஆரம்பித்தார். "இன்றைக்கு இரண்டு குடும்பங்கள் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

எஸ்தர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மைக் ஆடியது. கண்ணை மூடினாள். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயிலிருந்து வந்தது தமிழ்.

"ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கு. என் கையில பலம் இல்ல. நீரே வந்து நில்லும்."

மைக் அவள் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது அவளுக்கு நினைவில்லை. ஸ்பீக்கரில் கோயில் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபடியும் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டாள், போச்சு என்று நினைத்திருப்பார்கள். நானே ஒரு விநாடி அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் அவள் என்ன சொன்னாள் என்பது எல்லோருக்கும் உறைத்தது. சிரித்தவர்கள் அடங்கினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எஸ்தர் கண்ணைத் திறந்தாள். ஐயர் சொன்ன வாக்கியத்தை மராத்தியில் சொன்னாள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? கை நடுங்கியது. குரலும் முதலில் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் வார்த்தை தடுக்கவே இல்லை. அது மனோஜின் மராத்தி இல்லை. ரேஷன் கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பிரசவ வார்டிலும் பேசுகிற மராத்தி. ஐயர் சொல்லி முடிப்பதற்கும் இவள் ஆரம்பிப்பதற்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. ப்ரீதியின் அத்தைமார் முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள், மெதுவாக முன்னால் நகர்ந்தார்கள். ஒரு அத்தை தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஐயர் சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொன்னார். தமிழ்ப் பக்கம் சிரித்து முடிப்பதற்குள் மராத்திப் பக்கம் சிரித்தது. என் மனைவி அது என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டேன். சால்வே மட்டும் கையைக் கட்டியபடியே இருந்தார்.

ஐயர் பெண்ணுக்குப் புத்தி சொல்லும் இடத்துக்கு வந்தார்.

"மகளே ப்ரீதி, பிறந்த வீட்டு நினைப்பையெல்லாம் இந்த வாசலோடு விட்டுவிட்டு வா. இனிமேல் இதுதான் உன் வீடு."

எங்கள் கல்யாணங்களில் எல்லா ஐயர்மாரும் சொல்கிறதுதான். எங்கள் பக்கம் நாலைந்து தலைகள் வழக்கம்போல ஆடின. ஒருத்தர் காதிலும் அது விழுந்ததாகவே தெரியவில்லை. எஸ்தர் காதில் விழுந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

எதிரே சால்வே உட்கார்ந்திருக்கிறார். மகளை வளர்த்த மனுஷன். அவர் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது? எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டுப் போயேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். புது வீட்டையும் நேசி என்று சொல்லிவிட்டால் போயிற்று. அவருக்குத் தமிழா தெரியப்போகிறது? மனோஜாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பானாம், பிற்பாடு அவனே சொன்னான். இவள் பயத்தில் உறைந்துவிட்டாள் என்று நினைத்து ஐயர் கவலையோடு திரும்பிப் பார்த்தார்.

எஸ்தர் சால்வேயின் கண்ணைப் பார்த்து அந்த வாக்கியத்தை மராத்தியில் அப்படியே சொன்னாள். ஒரு எழுத்தைக்கூட மெத்தை வைத்துப் பொதியவில்லை.

சால்வேயின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ப்ரீதி தலையைக் குனிந்தாள். ஐயர் அடுத்த வாக்கியத்துக்கு வாயெடுத்தார். எஸ்தர் ஒரு கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். என் எஸ்தர், கடைசி பெஞ்சு எஸ்தர், ஐயரை நிறுத்தினாள். பிறகு மராத்தியிலேயே தொடர்ந்தாள்.

"ஐயர் சொன்னது இவ்வளவுதான். ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்வது ஐயர் சொன்னதில்லை, பையனின் அம்மா சொல்வது. ப்ரீதி, நீ எதையும் விட்டுவிட்டு வர வேண்டாம். அப்பா வீட்டு நினைப்பு, உன் பாஷை, உன் கோபம், உன் பாக்ரி ரொட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வா. எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. என் கல்யாணத்திலும் இதையேதான் சொன்னார்கள். நான் கிர்க்கியிலிருந்து சாங்விக்கு வந்தவள். கூப்பிடுகிற தூரம். அப்படியும் என் அப்பா வீட்டை என்னால் விட முடியவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து வரும் உன்னை எந்த வாயால் விடச் சொல்வேன்?"

பவுன் அக்கா முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

"ஏலே, அய்யர் ஒத்தை வரிதான சொன்னாரு? ஒம் பொண்டாட்டி என்ன இம்புட்டு நேரம் சொல்லுதா?"

நான் அவள் காதில் சொன்னேன். சொன்னேன் என்றால், நான் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். முப்பது வருடம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைக்குக் கிசுகிசுப்பு ஏது? எஸ்தர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் பவுன் அக்காவுக்குத் தமிழில் சொல்ல, தமிழ்ப் பக்கம் முழுக்கக் கேட்டது. ஐயருக்கும் கேட்டது. கோயிலில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் பெரிய வெள்ளியன்றுகூடப் பார்த்ததில்லை.

சால்வே எழுந்து நின்றார்.

"ஒரு வார்த்தை விடாமல் சொல்வதாகச் சொன்னீர்கள். ஒன்றை விட்டுவிட்டீர்கள்" என்றார் எஸ்தரிடம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இதற்குமேல் ஒருத்தி என்ன செய்ய வேண்டும்? எழப்போன என்னைப் பவுன் அக்கா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். சால்வே தொடர்ந்தார். ஆரம்பத்தில் மைக்கில் தமிழில் ஏதோ சொன்னீர்கள், அதைக் கேட்டு உங்கள் ஆட்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் தலை குனிந்தார்கள், அது என் மகளைப் பற்றியதா என்று கேட்டார்.

எஸ்தர் முகம் சிவந்துவிட்டது. மைக்கைப் பார்த்தாள். தன் ஜெபம் ஊருக்கே கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த வெட்கத்துக்குப் பயந்துதான் இத்தனை வருடம் கடைசி பெஞ்சில் ஒளிந்திருந்தாள். இப்போது மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் இறங்கவில்லை. தன் ஜெபத்தைத் தானே மராத்தியில் சொன்னாள்.

"உங்கள் மகளைப் பற்றியதில்லை. என் ஆண்டவரிடம் சொன்னேன். எனக்குப் பயமாயிருக்கிறது, என் கையில் பலம் இல்லை, நீரே வந்து நில்லும் என்று சொன்னேன்."

சால்வே திரும்பினார். மகளைப் பார்த்தார், ஜெபகுமாரைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவை மராத்தியில் எப்படி முறை சொல்லிக் கூப்பிடுவார்களோ, அப்படி முதல்முறையாக எஸ்தரைக் கூப்பிட்டார்.

"விஹீண்பாய், காலையில் வேன் ஏறியதிலிருந்து நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறேன்" என்றார். "மகளைக் கொடுக்க என் கையிலும் பலம் இல்லை."

பவுன் அக்கா மறுபடியும் இடித்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். இந்தத் தடவை நிஜமாகவே கிசுகிசுத்தேன். அவள் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

ஐயர் மைக்கைப் பிடித்தார். எனக்கு அந்தப் பிள்ளையிடம் மரியாதை கூடியது அந்த நிமிடத்தில்தான்.

"அம்மா, அந்த ஒரு வரிய நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார் எஸ்தரிடம். "அதையும் ஒரு வார்த்தை விடாம மராத்தியில சொல்லிருங்க."

எஸ்தர் சொன்னாள். கோயிலின் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது. இந்தத் தடவை எஸ்தரும் சிரித்தாள். சால்வே தானே மகளின் கையைப் பிடித்து எழுப்பி, ஜெபகுமாரின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சம்மதமா என்று ஐயர் தமிழில் கேட்டதை எஸ்தர் மராத்தியில் கேட்டாள். ப்ரீதி மாமியாரைப் பார்த்து ஹோ என்றாள், மராத்தியில் ஆமாம் என்று.

சாப்பாட்டு ஹாலில் பிரியாணிக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. மராத்தி அத்தைமார் எஸ்தரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கும்போது பாதி புடவையில் சிந்தியது.

"பாருங்க, நடுக்கம் இன்னும் நிக்கல" என்றாள். அதை ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி சொன்னாள்.

நிற்காவிட்டால் போகட்டும் என்றேன். அடுத்த ஞாயிறு மனோஜுக்குக் குரல் திரும்பிவிட்டது. மைக்கை அவனே கொண்டுவந்து எஸ்தர் கையில் கொடுத்தான். அவள் மறுக்கவில்லை. கடைசி பெஞ்சு இப்போது காலி. மராத்தி மருமகள்கள் எல்லோரும் முன் வரிசைக்கு வந்துவிட்டார்கள், ப்ரீதியோடு சேர்த்து. என் மனைவியின் கை இன்றைக்கும் ஆடுகிறது. ஒவ்வொரு ஞாயிறும் முதல் வாக்கியத்துக்கு முன்னால் கண்ணை மூடி அதே ஜெபத்தைச் சொல்கிறாள். மைக்கை மட்டும் ஜாக்கிரதையாகத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறாள்.

சால்வே மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் எங்கள் கோயிலுக்கு வருவார். முன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்வார். போன ஞாயிறும் வந்திருந்தார். எஸ்தர் மைக்கைத் தள்ளிப் பிடித்துக் கண்ணை மூடியதும் அவரும் கண்ணை மூடினார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை. பஸ் ஓட்டிய அந்தப் பெரிய கைகளை முழங்காலில் விரித்துவைத்து, எனக்குக் கேட்கிற மாதிரி, மராத்தி வாடையடிக்கும் தமிழில், "நீரே வந்து நில்லும்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என் எஸ்தர்.